ஃப்ரீஸர் அண்ணன் பார்க்காமல் வைத்த தொடர்

ஃப்ரீஸர் அண்ணனுக்கு அந்தப் பெயர் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்ததால் வந்தது என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அதே கிடங்கில் அறுபது பேர் வேலை பார்த்தார்கள். மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் வீட்டில் வைத்த பெயரே கடைசிவரை நிலைத்தது. இவருக்கு மட்டும் இது ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய குணம். கையில் கிடைத்த எதையும் அவர் அப்போதே அனுபவிக்கமாட்டார். எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். குழந்தை பிறந்திருக்கிறது என்று யாராவது சாக்லேட் கொடுத்தால் எல்லாரும் அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். அண்ணன் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடலாம் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் காகிதம் மட்டும் இருக்கும். மகள் அன்றைக்கே காரியத்தை முடித்திருப்பாள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் எண் அறைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். பழப்பெட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று வருவதையெல்லாம் தேதி போட்டு அடுக்கி, தேதிப்படி வெளியே அனுப்ப வேண்டும். கிடங்குக்காரர்களுக்கு எங்கே போனாலும் ஒரே சட்டம்தான்: முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். அண்ணன் அந்தச் சட்டத்தை ஏதோ தானே தவமிருந்து வாங்கி வந்ததுபோலக் காப்பாற்றினார். ஒருமுறை ஒரு பழ வியாபாரி, முந்தின நாள் வந்த பெட்டிகளில் நாலு கொடுங்கள் என்று கெஞ்சினார்.

"புதுசை நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்க. போன மாசம் வந்தது யாருக்கு? உங்க மாமியாருக்கா?" என்றார் அண்ணன்.

"நாலே நாலு பெட்டிதானே அண்ணே!"

"நாலோ நாப்பதோ. ஒண்ணு போகாம ரெண்டு போகாது."

வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே பழைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். அண்ணன் அன்று முழுக்க நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

முப்பத்தொன்றாவது வயதில் அவருக்கு ஞானம் பிறந்தது. கிடங்கு நிர்வாகம் ஊழியர் நலனுக்கென்று ஒரு கூட்டம் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிப் பேச ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. மேலே கோட்டு, கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ. நாற்பது வயதிலேயே வேலையை விட்டுவிட்டவராம். வேலையை விட்ட மனிதர் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குளிர்பதனக் கிடங்கில் வந்து ஏன் தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வருஷத்து வீட்டுச் செலவை எடுத்துக்குங்க. இருபத்தஞ்சால பெருக்குங்க. அந்தத் தொகை சேர்ந்த அன்னைக்கு நீங்க சுதந்திர மனுஷன். அதுக்கப்புறம் பணம் வேலை செய்யும். நீங்க சோபால உக்காந்து உங்களுக்குப் புடிச்சதைப் பாத்துட்டிருக்கலாம்" என்றார் அவர்.

அறுபது பேரும் கை தட்டினார்கள். ஐம்பத்தொன்பது பேர் பிஸ்கட்டை மென்றுகொண்டே அதை மறந்தார்கள். அண்ணன் மட்டும் பிஸ்கட்டைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டு, துண்டுக்காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார்.

அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அண்ணனும் அண்ணியும் தினம் சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு, சின்ன டி.வி.யின் முன்னால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு தொடர் பார்ப்பார்கள். துறைமுகத்தில் நடக்கிற கதை. கப்பலில் வந்த பெட்டிக்குள் ஒரு பிணம் கிடக்கிறது, ஒரு பெண் இன்ஸ்பெக்டர் துப்பறிகிறாள். அண்ணி சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். யார் கொன்றிருப்பார்கள் என்று இரண்டு பேரும் வாய்ச்சண்டை போடுவார்கள். ஒன்பதாவது நாள் அந்த இன்ஸ்பெக்டர் மழையில் நனைந்தபடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது, திறந்தது யார் என்று காட்டுவதற்குள் அன்றைய பகுதி முடிந்துவிட்டது.

"துறைமுக அதிகாரிதான். வேற யாரு?" என்றார் அண்ணன்.

"இல்லவே இல்ல. அந்த டாக்டர். தோத்தா ஒரு மாசத்துக்கு நீங்கதான் டீ போடணும்" என்றாள் அண்ணி.

பந்தயம் கட்டிய மறுநாள்தான் அந்தக் கூட்டம் நடந்தது. அன்று சாயங்காலமே அண்ணன் டி.வி. இணைப்பைத் துண்டித்தார். மாதச் சந்தாவைப் பதினெட்டு வருஷம் வட்டியோடு வளர்த்தால் எவ்வளவு வரும் என்று துண்டுக்காகிதத்தைக் காட்டினார். அண்ணி காகிதத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"கதை எங்கயும் ஓடிப்போயிடாது. நாப்பத்தொன்பது வயசுல வேலைய விடறேன். நாம ரெண்டு பேரும் சோபா போட்டு, காலை நீட்டிட்டு, பத்தாவது பகுதில இருந்து ஒண்ணா பாக்கறோம். அதுவரைக்கும் நீயும் பாக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

"சரிங்க" என்றாள் அண்ணி. அவ்வளவு சீக்கிரம் ஒரு பெண்பிள்ளை சரி என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டாமா? அண்ணன் படவில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது அந்தப் பச்சை அட்டை நோட்டு. கிடங்கில் இருக்கிற இருப்புப் பதிவேட்டைப் போலவே கட்டம் போட்டு, வரிசை எண், தொடரின் பெயர், எத்தனை பகுதி, எந்தத் தேதியில் கேள்விப்பட்டது என்று எழுதி வைத்தார். முதல் எண் துறைமுகத் தொடர். பிறகு உலகத்தில் என்னென்னவோ நடந்தது. பெட்டியாக இருந்த டி.வி. தட்டையாகிச் சுவரில் ஏறியது, சுவரிலிருந்து இறங்கி ஆளாளுக்கு உள்ளங்கைக்குள் வந்தது. ஊரே பார்த்தது. அண்ணன் எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு எண் சேர்ந்தது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பார்த்தால் பதினோரு வருஷம் இரண்டு மாதம் ஓடும் என்று கடைசிப் பக்கத்தில் கணக்கும் இருந்தது.

பார்க்காமல் வைப்பது சுலபம். கேட்காமல் இருப்பதுதான் பெரிய பாடு. சாப்பாட்டு அறையில் எல்லாரும் டப்பாவைத் திறந்ததுமே முந்தின நாள் பார்த்த கதையைத்தான் திறப்பார்கள். அண்ணன் வருகிறார் என்று தெரிந்தால் யாராவது இருமுவார்கள். உடனே எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்தச் சாப்பாட்டு அறை அளவுக்கு வெயிலைப் பற்றிப் பேசிய இடம் எங்கேயும் இருக்காது. கொஞ்ச நாளில் அண்ணனே குளிருக்குப் போடுகிற கம்பளிக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, டப்பாவோடு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டார். சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் புதிதாக வந்த ஒருவருக்கு இந்த விவரம் தெரியாது. இருபத்தேழாம் எண் தொடரில் தம்பிதான் அண்ணனைக் கொன்றான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அண்ணன் அந்த எண்ணைச் சிவப்பு மசியால் அடித்தார். டிரைவருக்கு மூன்று மாதம் மைனஸ் இருபது டிகிரி அறையில் வேலை போட்டார். அந்த மனிதர் மூக்கு சிவந்து, மீசையில் பனி படிந்து வெளியே வந்து, தான் செய்த தப்பு என்ன என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுச் செலவுக்கு அண்ணன் மாதம் முதல் தேதி ஒரு பழுப்புக் கவரில் பத்துப் பெரிய நோட்டு வைத்து அண்ணியிடம் கொடுப்பார். "இதுக்குள்ள முடிச்சுக்கோ" என்பார். மாதக் கடைசியில் காலிக் கவரைத் திருப்பித் தர வேண்டும், அடுத்த மாதத்துக்கு ஆகும். முதலில் இரண்டு தடவை அண்ணி பத்தவில்லை என்றாள். "பத்தலன்னு சொல்றதே ஒரு பழக்கம். பழகிக்கிட்டா பத்தும்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பத்து நோட்டு பதினோரு வருஷமாகப் பத்து நோட்டாகவே இருந்தது. அந்தக் கவர் ஓரங்களில் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து, கவரில் பாதி பசையாகவே இருந்தது.

"பதினோரு வருஷமா எங்க வீட்டுச் செலவு ஒரு நோட்டு கூட ஏறல" என்று கிடங்கில் பெருமை அடித்துக்கொள்வார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது வைத்தபடியே இருக்கும் என்று நம்பிச் சம்பளம் வாங்கியவர் அவர். கடைத்தெருப் பக்கம் அவர் போனதே இல்லை, போனால் வாங்கத் தோன்றும் என்று. ஆகவே பத்து நோட்டைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை இருபத்தைந்தால் பெருக்கி, வந்த தொகையைச் சுவர்க் காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார். மகள் படிப்புக்குத் தனியாக ஒதுக்கினார். தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டார். அது பார்த்தாலே தெரியும்.

வேலையை விட மூன்று வருஷம் இருக்கும்போது ஒரு கடை மூடுகிறார்கள் என்று சோபா மலிவாகக் கிடைத்தது. வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலேயே கூடத்தில் போட்டார். இடது பக்கம் அண்ணிக்கு, வலது பக்கம் தனக்கு. "இப்ப யாரும் உக்கார வேணாம். அழுங்கிடும்" என்றார். மறு வருஷம் பெரிய டி.வி. வாங்கினார். பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிரித்தால் பழசாகிவிடுமாம். இரண்டு வருஷ உத்தரவாதம் பெட்டிக்குள் இருந்தபடியே முடிந்துபோனது. ஆயிரம் பெட்டிக்குத் தேதி பார்த்து அனுப்பிய மனிதர், தன் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு பெட்டியின் தேதியைப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்பதாவது வயதில், சொன்ன தேதியில் வேலையை விட்டார். அதற்காகவாவது பாராட்டத்தான் வேண்டும். கிடங்கில் எல்லாரும் காசு போட்டு, தொடர் பார்க்கிற செயலிக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள். அவருடைய இடத்துக்கு வந்தது அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்தான். "இனிமே வெயிலைப் பத்திப் பேச வேண்டியதில்ல அண்ணே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் சிரித்தார். அதில் குத்தல் இருப்பது அவருக்குத் தெருமுனை தாண்டித்தான் உறைத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, உலகமே வேலையில் இருக்கிற நேரத்தில், அண்ணன் குளித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சோபாவின் வலது பக்கம் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிரீச்சென்றது. பள்ளி விடுமுறையில் இருந்த மகள் டி.வி.யை மாட்டினாள். அது கண்ணைத் திறந்ததும், தன்னுடைய மென்பொருள் பழசாகிவிட்டது என்று சொல்லி நாற்பது நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட? வா, உக்காரு." இடது பக்கத்தைத் தட்டினார் அண்ணன்.

"எதிர் வீட்டு நர்ஸ் அக்கா வரச் சொன்னாங்க. வந்துடறேன்" என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

அண்ணன் நோட்டைத் திறந்து முதல் எண்ணைப் படித்தார். மகள் தேடினாள். இன்னொரு செயலியில் தேடினாள். இணையத்தில் தேடினாள்.

"அப்பா, அது எங்கயும் இல்ல. செயலில இருந்து தூக்கியே ஆறு வருஷம் ஆச்சாம். அதைப் பண்ணின கம்பெனியே இப்ப இல்லையாம். ரெண்டாவது நம்பர் இருக்கு, போடட்டுமா?"

"ஒண்ணு போகாம ரெண்டு எப்படிம்மா போகும்?"

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ரிமோட்டை அவர் கையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் சாயங்காலம் வரைக்கும் தேடினார். எழுத்தை மாற்றிப் போட்டார், பாதிப் பெயரைப் போட்டார். பெரிய திரையில் நானூற்றுப் பதினோரு தொடர்களின் முகங்களும் வரிசையாக வந்து அவரைப் பார்த்தன. அவர் ஒன்றையும் தொடவில்லை. பதினெட்டு வருஷம் ஒரு கதவு திறப்பதற்காகக் காத்திருந்தவர், அது இனிமேல் திறக்காது என்று தெரிந்த பிறகும் பச்சை நோட்டை மூடி வைக்கவில்லை.

அண்ணி ஆறு மணிக்குத் திரும்பினாள்.

"போச்சு. நம்ம கதை எங்கயும் இல்லையாம். நாம ரெண்டு பேரும் இவ்வளவு வருஷம் பொறுத்துட்டிருந்தோமே!" என்றார் அண்ணன்.

அண்ணி கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நான் பாத்துட்டேங்க" என்றாள்.

"எதை?"

"அதைத்தான். நீங்க கனெக்ஷனைக் கட் பண்ணின மறுநாள் மத்தியானமே, முந்தின நாள் பகுதியைத் திரும்பப் போட்டப்ப. நர்ஸ் அக்கா ட்யூட்டிக்குப் போறப்ப அவங்க பொண்ணைப் பாத்துக்கச் சொன்னாங்க இல்ல? அங்க டி.வி. இருந்துச்சு. அதைப் பாத்தேன். அப்புறம் வந்தது எல்லாத்தையும் பாத்தேன். உங்க நோட்டுல இருக்கறதுல முக்கால்வாசி எனக்குத் தெரியும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான மத்தியானங்களில், எதிர் வீட்டில் இவள் காலை நீட்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். "சத்தியம் பண்ணினியே!" என்றார்.

"சத்தியமெல்லாம் பண்ணல. சரின்னுதான் சொன்னேன்." அவள் குரலில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. "இன்னைக்கு நர்ஸ் அக்கா வீட்டுக்கும் போகல. வேலைக்குப் போயிட்டு வர்றேன்."

கதை இதுதான். நர்ஸ் அக்காவின் பெண் வளர்ந்து, வெளிநாட்டுத் தொடர்களுக்கு நம் பேச்சில் குரல் கொடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். குரல் கொடுத்து முடித்ததை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, உதடும் பேச்சும் ஒத்துப்போகிறதா, நிஜ மனிதர்கள் இப்படிப் பேசுவார்களா என்று சொல்ல வேண்டும். அதற்குத் தன்னை வளர்த்த ஆன்ட்டியை விட்டால் ஆள் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணி இரண்டு வருஷமாகக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். பாட்டுக் கேட்கிறாள் என்று அண்ணன் நினைத்திருந்தார். இப்போது முழுநேரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வாழ்நாளெல்லாம் தவமிருந்து காசு கொடுக்காமல் பார்க்க நினைத்ததை, அவள் காசு வாங்கிக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

"வேலைய விட்டுடு. நமக்கு இருக்கறது போதும். இருபத்தஞ்சு மடங்கு சேத்து வெச்சிருக்கேன். நீ வீட்ல இரு. என் பக்கத்துல உக்காரு" என்றார் அண்ணன். அதிகாரமாகத் தொடங்கியது கடைசியில் கெஞ்சலாகத்தான் வந்தது. இடது பக்கம் காலியாகக் கிடக்கிற சோபாவை அவர் ஒரு நாளும் கற்பனை செய்து பார்த்ததில்லை.

அண்ணி அடுப்படிக்குப் போய்ப் பழுப்புக் கவரை எடுத்து வந்தாள். உள்ளே பத்து நோட்டு இருந்தது, அன்று முதல் தேதி அவர் கொடுத்ததுதான்.

"இந்த மாசம் நீங்க வீட்டை நடத்துங்க. இந்தப் பத்து நோட்டு மாசக் கடைசி வரைக்கும் வந்துச்சுன்னா, அடுத்த மாசம் நான் வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துடறேன்."

"இவ்வளவுதானே?" என்றார் அண்ணன். அவருக்கு உயிர் வந்தது. பதினோரு வருஷம் நடந்த விஷயம் பன்னிரண்டாவது வருஷம் நடக்காதா என்ன?

மறுநாளே துணிப்பையோடு கடைத்தெருவுக்குப் போனார். முட்டை விலையைக் கேட்டவர், டஜனுக்கா என்று திரும்பக் கேட்டார். அரை டஜனுக்கு என்றார் கடைக்காரர். எண்ணெய் விலையைக் கேட்டதும் ஒரு கையால் தராசைப் பிடித்துக்கொண்டார். சோப்பு, அரிசி, பால், மகளின் பேருந்துக் காசு, கேஸ், மின்கட்டணம் என்று ஒவ்வொன்றும் கையைக் கடித்தது. அண்ணன் விடவில்லை. ஒரு முட்டையை மூன்று பேருக்குப் பங்கு போட்டார். மின்விசிறியை நிறுத்தினார். டீயில் பாலைக் குறைத்தார். டீ கறுத்தது, வீட்டில் எல்லார் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. அண்ணி வாயைத் திறக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். டி.வி. மாட்டியது மாட்டியபடி அணைந்தே கிடந்தது. அதைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அதற்கு ஆகிற மின்சாரத்துக்கு மனசும் இல்லை.

பதினொன்றாம் தேதி கவருக்குள் கைவிட்டால் பசைதான் கையில் ஒட்டியது. அரிசிப் பையைக் கடையிலேயே திருப்பி வைத்துவிட்டு அசடு வழிய நின்றார்.

"எடுத்துட்டுப் போங்க சார். அக்கா எப்பவும் பத்து, பதினஞ்சு தேதி வாக்குல ரெண்டாவது தடவை வந்து வாங்குவாங்க. அப்பக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"ரெண்டாவது தடவையா?"

"வருஷக்கணக்கா அப்படித்தானே சார்? குழந்தை பாத்துக்கற காசு வந்துச்சு, டப்பிங் காசு வந்துச்சுன்னு சொல்லிட்டு வந்து வாங்குவாங்க."

அண்ணன் வீட்டுக்கு வந்து சுவர்க் காலண்டரைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். பத்து நோட்டு இருந்த இடத்தில் நிஜச் செலவைப் போட்டார். பன்னிரண்டால் பெருக்கினார், இருபத்தைந்தால் பெருக்கினார். தன்னிடம் இருந்ததைக் கழித்தார். மீதியைச் சேர்க்க வேண்டுமானால் இன்னும் பதினான்கு வருஷம் கிடங்கில் நிற்க வேண்டும், அதுவும் அந்த டிரைவருக்குக் கீழே. பென்சில் கையிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அவர் குனிந்து எடுக்கவில்லை. வேலையிலிருந்து விடுதலை வாங்கியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர், எத்தனையோ வருஷமாகப் பெண்டாட்டியின் வேலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்தாளே என்று கோபமும் வந்தது. தான்தான் அவளைச் சொல்ல விடவில்லை என்று நினைவுக்கு வந்ததும் அந்தக் கோபமும் நிற்க இடமில்லாமல் போனது.

சாயங்காலம் அண்ணி வந்ததும் காலிக் கவரை அவளிடம் நீட்டினார். "தீந்துடுச்சு" என்றார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "பதினொண்ணாம் தேதி வரைக்கும் ஓட்டியிருக்கீங்க. பரவால்ல, எனக்கு எட்டாம் தேதியே தீந்துடும்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "பத்தலன்னு சொல்றதே ஒரு பழக்கங்க. பழகிக்கிட்டா பத்தும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை. அவள் அதை ஒரு எழுத்துக் கெடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அண்ணி கைப்பையிலிருந்து நாலு நோட்டு எடுத்துக் கவரில் போட்டாள். "இதுக்குள்ள முடிச்சுக்குங்க" என்றாள். பிறகு சோபாவைப் பார்த்தாள். குனிந்து பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அது வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கிழிந்தது. மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அண்ணி இடது பக்கம் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"டீ போடுங்க. நாள் முழுக்க நாலு பேர் உதட்டைப் பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு."

அண்ணன் பால் ஊற்றியே டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டு நின்றார். உட்காரச் சொல்வாளா என்று தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. கடைசியில் அவராகவே வலது பக்கம் ஓரமாக உட்கார்ந்தார்.

"கதவைத் திறந்தது யாரு?" என்று கேட்டார்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "துறைமுக அதிகாரியும் இல்ல, டாக்டரும் இல்ல. ரெண்டு பேருமே தோத்தோம். யாரோ ஒரு ஆளு, கையில பல் தேய்க்கற பிரஷ்ஷோட நிக்கறான். அந்த இன்ஸ்பெக்டர் வீடு மாத்தித் தட்டிட்டா."

"வீடு மாத்தியா?"

"மாத்தித்தான். மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா. பத்தாவது பகுதில முதல் அரை நிமிஷம்."

அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு சந்தா, ஒரு சாப்பாட்டு அறை, ஒரு மாடிப்படி, அந்த டிரைவரின் மூன்று மாத மூக்கு எல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயின. பல் தேய்க்கிற பிரஷ்.

"அடுத்த வீட்டுல யாரு இருந்தா?" என்றார்.

அண்ணி டீயைக் குடித்து முடித்து டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "அங்கதான் கதையே இருக்கு. பெரிய கதை" என்றபடி எழுந்தாள்.

"சொல்லேன்."

"நாளைக்குச் சொல்றேன். காலைல எனக்கு வேலை இருக்கு."